அப்பாயியின் சங்கீதப் புத்தகம்

துன்பம் வந்த வேளையில் மனிதனுக்கு நூல்நிலையம் உதவுவதில்லை. கற்றவையெல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துகொள்ள, சிறுவயதிற் காதில் விழுந்த ஏதோ ஒரு பாட்டே நாவில் வந்து நிற்கிறது. சைவக் குடும்பத்திற் பிறந்தவர்க்கு அது தேவாரமாக இருக்கும். கோளும் நாளும் சரியில்லை என்று அப்பர் அஞ்சியபோது திருமறைக்காட்டில் ஞானசம்பந்தர் பாடிய பதிகத்தை, புது வீடு புகும்போதும் நோயாளியின் பாயருகிலும் ஓதும் வழக்கம் நம்மவரிடையே இன்றும் உண்டு. எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் அந்த இடத்தைப் பெற்றிருப்பது சங்கீதம்.

சங்கீதம் என்றதும் வீணையும் மிருதங்கமும் நினைவுக்கு வந்தால் அது வாசகரின் குற்றமன்று. வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் நூற்றைம்பது பாடல்கள் அடங்கிய ஒரு புத்தகத்திற்கு முன்னோர் இட்ட பெயர் அது. கத்தோலிக்க அன்பர்கள் இப்பொழுது திருப்பாடல்கள் என்பார்கள். எழுபத்து மூன்று பாடல்களின் தலைப்பில் தாவீது அரசனின் பெயர் காணப்படுகிறது. ஏனையவற்றுட் சில வேறு பெயர்களைத் தாங்கியவை. பல பெயரே இல்லாதவை. அவை இயற்றப்பட்டு ஈராயிரத்துக்கும் அதிகமான ஆண்டுகள் கழிந்துவிட்டன. பாலைநிலத்தையும் ஆட்டு மந்தையையும் கண்ட மக்கள் பாடிய அப்பாடல்களை, பதுளை மலைச்சரிவில் ஒரு லயத்துக் காம்பராவில், எழுத்தறியாத ஒரு கிழவி ஏன் தன்னுடையவை என்று எண்ணினாள்? நெடுநாளாக என் மனத்திலிருக்கும் வினா இது. அந்தக் கிழவி என் அப்பாயி.

நாங்கள் இருந்த தோட்டம் பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையை விட்டுச் சிறிது மேலே உள்ளது. தெளிந்த நாளில் நமுனுகுலை மலை எதிரே தெரியும். மழைக்காலத்தில் எதிர் லயமே தெரியாது. இந்நாட்டில் தேயிலைக்கு முன்னர் கோப்பி பயிரிட்ட காலத்திலேயே, 1854ஆம் ஆண்டில், தோட்டத் தமிழரிடையே ஊழியஞ் செய்வதற்கென ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார்கள் அதற்கென வந்தார்கள். பெரட்டுக் களத்திலும் லயத்து இஸ்தோப்பிலும் நின்று அவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் தலைமுறை தலைமுறையாக வாய்வழியே இறங்கி அப்பாயியிடம் வந்திருந்தது. அவர் சிறுமியாயிருந்தபோது வந்த ஓர் உபதேசியார், வசனங்களை இராகத்தோடு சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வைப்பாராம். அப்படிப் பாடம் பண்ணியவை இருபதுக்கு மேலிருக்கும்.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்தது 1958ஆம் ஆண்டளவில். அன்று தொட்டு மாலை வேளைகளில் ஒரு கடமை எனக்கென ஏற்பட்டது. கொழுந்து நிறுத்துவிட்டு அப்பாயி வீடு திரும்பி, படங்கை அவிழ்த்து மாட்டி, கறுப்புக் கம்பளியை உதறி அடுப்பங்கரைக்கு மேலே காயப்போட்டு, சாயத் தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவார். குப்பிலாம்பின் அருகே நான் சங்கீதப் புத்தகத்தை விரிப்பேன். அது வேதாகமம் முழுவதுமன்று. சங்கீதங்கள் மட்டும் அடங்கிய சிறு புத்தகம். மேலட்டை போய், சீனி சுற்றி வந்த நீலத்தாளால் உறை போடப்பட்டிருந்தது. நான் வாசிப்பேன், எழுத்தே அறியாத அப்பாயி பிழை திருத்துவார்!

“அங்க ஒரு சொல்லு விட்டுட்ட ராசா. திரும்பப் படி.”

விட்டது உண்மையாகவே இருக்கும்.

அவருக்கு மிகவும் உவப்பானது 121ஆம் சங்கீதம். மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்துவதாகத் தொடங்கி, உறங்காத காவலர் ஒருவரைப் பற்றிச் சொல்லி, போகும்போதும் வரும்போதும் அவர் காப்பார் என்று முடியும் சிறு பாடல். எருசலேமுக்கு யாத்திரை சென்றவர்கள் வழிநடையிற் பாடிய பதினைந்து பாடல்களுள் அதுவும் ஒன்று. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் நம்மவர் பாடிக்கொண்டே போவதில்லையா, அது போன்றதே. ஆனால் அப்பாயிக்கு எருசலேமும் தெரியாது, யாத்திரையும் தெரியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போவதும், இருட்டுமுன் மலையிலிருந்து இறங்கி வருவதுமே அவர் அறிந்த போக்கும் வரவும். அட்டைக்கடியும் வழுக்குப் பாறையும் மின்னலும் உள்ள மலையில், அந்தப் பாடல் அவருக்கு நேற்று எழுதப்பட்டது போலவே இருந்திருக்க வேண்டும்.

மின்னல் என்றதும் பதுளையை அறிந்தவர்க்கு ஒரு சரித்திரம் நினைவுக்கு வரும். நகரிலுள்ள பரிசுத்த மாற்கு ஆலயம் மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் ஞாபகார்த்தமாகக் கட்டப்பட்டது. அவர் இம்மாகாணத்தில் ஆட்சிப் பொறுப்பு வகித்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று சொல்லப்படுகிறவர். 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி ஒரு கணத்தில் மடிந்தார். துப்பாக்கியும் அதிகாரமும் உடைய துரைக்கே அந்தக் கதியென்றால், கூடை சுமந்த கிழவி காவலை வேறெங்கே தேடுவாள்?

இனி நான் சொல்ல வந்த முதற் சம்பவத்துக்கு வருகிறேன்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் நாடற்றவர் ஆனதும், 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் மாணவர்கள் பாடநூலிற் படித்திருப்பார்கள். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்பது ஏற்பாடு. பத்தாண்டுகளின் பின், 1974இல், அந்த ஒன்றரை இலட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். படிக்கும்போது அவை எண்கள். ஒரு லயத்துக் காம்பராவிலோ அந்த வகுத்தற் கணக்கு மனிதரை வைத்தே செய்யப்பட்டது.

என் தந்தையார் இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தார். சித்தப்பா இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் எழுதப்பட்ட காலத்தில் அப்பாயி சித்தப்பாவின் காம்பராவில் இருந்தபடியால் அவர் பெயர் அந்தப் பத்திரத்தில் சேர்ந்துவிட்டது. எழுதிக் கொடுத்தவருக்கும், கைநாட்டு வைத்த அப்பாயிக்கும் அது ஒரு பெரிய காரியமாக அன்று படவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் கடவுச்சீட்டு வந்தபோதுதான், பெயர் எழுதிய கையின் வலிமை எங்களுக்குத் தெரிந்தது. அப்பாயி இந்தியாவைக் கண்டவர் அல்லர். இங்கேயே பிறந்தவர். ஆயினும் எல்லாரும் அதனை ‘ஊர்’ என்றே சொன்னோம். அவர் ‘ஊருக்குப் போகிறார்’ என்றே அண்டை அயலில் பேசிக்கொண்டார்கள்.

அது 1974ஆம் ஆண்டு. தோட்டங்களில் பசி கொடிதாக இருந்த காலம். அரிசியும் மாவும் சீனியும் அரிதாகி, மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் கொண்டு நாட்களை ஓட்டினோம். ‘அங்கே போனால் சோறாவது உண்டு’ என்று சொல்லித் தந்தையார் தம் மனத்தைத் தேற்றிக்கொண்டார். எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. நாலெழுத்துப் படித்திருந்தேன், அந்த அளவிற்கு ஆண்டவர்மேற் கோபமும் கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு அப்பாயி என்னை அழைத்து வாசிக்கச் சொன்னார். நான் 23ஐ எடுத்தேன். அவர் தலையசைத்து, “அது வேணாம். எம்பத்தெட்டைப் படி” என்றார்.

சங்கீதங்களை ஓரளவு அறிந்தவர்களுக்கு அந்த எண் எத்தகையது என்பது விளங்கும். நூற்றைம்பது பாடல்களில் வகையாகப் பார்த்தால் முறையீட்டுப் பாடல்களே அதிகம். சத்துருக்கள் சூழ்ந்தனர், உடல் நலிந்தது, நண்பர் நகைத்தனர், நீர் எங்கே போனீர் என்ற முறையீடு. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை எங்கேனும் ஓரிடத்தில் திரும்பி, ஒரு துதியிலோ உறுதியிலோ வந்து நிற்கும். எண்பத்தெட்டு அப்படித் திரும்புவதில்லை. கடைசிவரை புலம்பல்தான். எபிரேய மூலத்தில் அது இருள் என்னும் சொல்லோடு முடிகிறது. எங்கள் பழைய தமிழ் வேதத்திலோ நண்பனும் தோழனும் தூரமாக்கப்பட்டு, அறிந்தவர்கள் கண்ணுக்கு மறைந்துபோன துயரத்தோடு நின்றுவிடுகிறது. மறுநாட் காலையில் பிரியப்போகும் ஒரு குடும்பத்தின் நடுவே அதை வாசித்து முடித்தபோது என் குரல் உடைந்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் கடுமையாகவே கேட்டேன்.

“இதில நம்பிக்கை எங்க இருக்கு அப்பாயி? ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் அழுகைதானே?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினார். பிறகு சொன்னார்:

“அழுகைதான். ஆனா யாருகிட்ட அழுவுறான் பாரு. அவருகிட்டத்தானே சொல்றான். கேக்க ஆளில்லேன்னா இவ்வளவு நேரம் யாராச்சும் பேசுவாங்களா?”

பின்னாளில் வேத விளக்க நூல்கள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். எண்பத்தெட்டாம் சங்கீதத்துக்கு அதனினும் நேரிய உரையை நான் கண்டதில்லை. நம்பிக்கை என்றால் மனம் தெளிந்திருப்பது, முகம் மலர்ந்திருப்பது என்று எண்ணியிருந்தேன். கிழவியோ, வாயடைத்துப் போகாமல் ஒருவரை நோக்கிப் பேசிக்கொண்டிருப்பதையே நம்பிக்கை என்று கொண்டிருந்தார். தோட்டத்தில் குறை சொல்லப் போகிறவனுக்கும் ஆபீஸ் வாசல் என்று ஒன்று இருக்கவேண்டும் அல்லவா? வாசலே இல்லையென்று முடிவு செய்தவன் முறையிட மாட்டான். முணுமுணுப்பான், அல்லது மௌனமாகிவிடுவான்.

மறுநாள் பதுளைப் புகையிரத நிலையத்துக்குப் போனோம். 1924இல் திறக்கப்பட்டது முதல் மலைநாட்டுப் பாதையின் கடைசி நிலையம் அதுவே. பதுளைக்கு வருகிறவர்களுக்கு அது முடிவு. அன்று எங்களுக்குத் தொடக்கமாயிற்று. கோச்சியில் ஏறினால் பொல்காவலையில் மாறி, தலைமன்னார் போய், கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்க வேண்டும். மேடை நிறைய அலுமினியச் சட்டிகளும் துணி மூட்டைகளும் அழுகுரலுமாக இருந்தது. சாம்பிராணி மணமும் வந்தது; யாரோ புறப்படுமுன் மாரியம்மனுக்குக் கும்பிட்டிருக்கிறார்கள். அப்பாயி என்னிடம் நீலத்தாள் உறையிட்ட புத்தகத்தை நீட்டினார். வேண்டாம், வழியில் உங்களுக்கு உதவும் என்றேன்.

“எனக்குப் புத்தகம் எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே” என்றார்.

அவரை அதன்பின் நான் காணவில்லை. மண்டபம் முகாமிற் சிலநாள் இருந்து, நீலகிரியிலே கூடலூர்ப் பக்கத்தில் தாயகம் திரும்பியோருக்கென அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டமொன்றிற் சேர்ந்தார்கள். மறுபடியும் மலை, மறுபடியும் தேயிலை, மறுபடியும் மழை. மூன்று ஆண்டுகளின் பின் சித்தப்பாவின் கடிதம் வந்தது. காரியமெல்லாம் முடிந்து மூன்று வாரத்துக்குப் பிறகே அது எங்கள் கைக்குக் கிடைத்தது. கடைசி நாளில் அப்பாயி ஏதோ ஒரு சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தார். எந்தச் சங்கீதம் என்று எழுதவில்லை. கேட்டு எழுதினேன், அவருக்கு அது ஞாபகமில்லை.

புத்தகத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலைக் கலவரம் பதுளை நகரை 27ஆம் திகதி எட்டியது. நான் அப்போது ஆசிரியனாகி, நகரில் ஒரு வாடகை வீட்டில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருந்தேன். அடுத்த வீட்டுச் சிங்கள மூதாட்டி ஒருவர் எங்களைத் தம் குசினிக்குப் பின்னாலிருந்த விறகறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே புகை, கண்ணாடி நொறுங்கும் ஓசை. குழந்தை அழுதுவிடக் கூடாதே என்ற ஒரே எண்ணம். ஆபத்துக் காலத்துக்கென்றே எல்லாரும் சொல்லும் 91ஆம் சங்கீதத்தைச் சொல்ல முயன்றேன். ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை அணுகாது என்ற பொருளுள்ள இடத்தில் நின்றுவிட்டேன். யார் விழுந்தார்களோ என்று தெரியாத வேளையில் அதை எப்படிச் சொல்வது? ஆகவே பதின்மூன்றாம் சங்கீதத்துக்கு மாறினேன். எதுவரைக்கும் என்று நாலு தடவை கேட்டுத் தொடங்கும் சிறிய பாடல் அது. கதவுக்கு அப்பால் அந்த மூதாட்டி தணிந்த குரலில் பிரித் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு முணுமுணுப்புகளும் ஒரே சுவரின் இருபுறமும் அந்தி வரை தொடர்ந்தன.

எங்கள் வீடு எரிந்துபோயிற்று. புத்தகமும் அதற்குள் இருந்தது. பாத்திரம் பண்டத்துக்காக மனைவி அழுதாள். நான் அந்த நீலத்தாளை நினைத்து அழுதேன். சில நாட்களின் பின், முகாமில் உறக்கமில்லாது கிடந்தபோது, ஒன்று இரண்டு என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு சங்கீதங்கள் பிழையில்லாமல் வந்தன.

நான் சங்கீதங்களைக் குறித்து எழுதத் துணிந்தது இந்த ஞாபகங்களுக்காக மட்டுமன்று. எனக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த வேளையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அங்கே மண் நிலையற்றது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால், தோட்டத்து லயத்தை விட்டால் வேறு காணியோ கூரையோ இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? தப்பியவர்களைப் பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் பாடசாலைக் கட்டடங்களில் தங்கவைத்தார்கள். சபையார் சிலருடன் பாயும் பால்மாவும் கொண்டு நானும் போனேன். அங்கிருந்தோரிற் பெரும்பாலோர் சைவர். எனினும் யாரோ, “ஐயா, ஏதாவது ஒரு ஜெபம் சொல்லுங்க” என்று கேட்டார்கள். சற்றும் யோசியாமல், அப்பாயிக்கு உவப்பான 121ஐத் தொடங்கிவிட்டேன்.

பழைய தமிழ் வேதத்தில் அதன் முதல் வசனம் ஒரு வினா அன்று. ஒத்தாசை வருவது மலைகளிலிருந்தே என்று பொருள்படும்படி அமைந்த கூற்று அது. ஒத்தாசை என்னும் சொல் என் வாயிலிருந்து வந்த கணத்தில், சுவரோரமாகக் குந்தியிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் வீட்டார் யாரும் அகப்படவில்லை என்று பின்னர் அறிந்தேன். கோபமில்லாத குரலில் அவர் சொன்னார்:

“ஐயா, மலையைப் பத்தி மட்டும் படிக்காதீங்க.”

நான் வாய் மூடினேன். அந்த மண்டபத்திற் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு மூலையிலிருந்து ஒரு வயதான அம்மா தேவாரமொன்றை மெல்லப் பாடத் தொடங்கினார், இரண்டொருவர் சேர்ந்துகொண்டனர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எனக்கு அங்கே சொல்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை. பாய்களை அடுக்கி வைத்துவிட்டு, அவர் அருகில் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு பீடி பற்றவைத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். நான் புகைப்பவன் அல்லன், ஆயினும் வாங்கிக்கொண்டேன்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இதுவே என்று நினைக்கிறேன். நமக்கு உதவிய வசனம் எல்லார்க்கும் உதவும் என்று எண்ணிவிடுகிறோம். சங்கீதப் புத்தகம் அவ்வளவு எளிதான மருந்துப் பெட்டியாயிருந்தால், நூற்றைம்பது பாடல்கள் எதற்கு? ஒன்று போதுமே! ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் மாளிகை இப்பொழுது பெனடிக்டின் துறவியரின் மடமாக இருப்பதை உல்லாசப் பிரயாணம் போன மாணவர்கள் கண்டிருப்பார்கள். பெரும்பாலோர் அங்கே பழப்பாகு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பெனடிக்ட் முனிவர் வகுத்த ஒழுங்கின்படி ஒரு வாரத்திற்குள் நூற்றைம்பதையும் ஓதி முடிக்கவேண்டும். பிடித்ததை மட்டும் எடுத்து மற்றதைத் தள்ள இடமில்லை. மகிழ்ச்சியாயிருப்பவனும் எண்பத்தெட்டைச் சொல்லியாக வேண்டும். துக்கத்திலிருப்பவனும் நூற்றைம்பதாம் சங்கீதத்தின் மேளதாளத்தை வாயாற் சொல்லியாக வேண்டும். தனக்காக இல்லாவிட்டால், அந்த நேரத்தில் அது தேவைப்படும் வேறொருவனுக்காக. முதன்முதலில் இதைக் கேட்டபோது கடுமையான விதியாகப் பட்டது. மீரியபெத்தைக்குப் பிறகு அதன் நியாயம் எனக்குப் புலப்படுகிறது.

சில வாரங்களின் பின், என்னோடு கற்பித்து ஓய்வுபெற்ற கத்தோலிக்க நண்பர் ஒருவரின் வீட்டிற்குப் போயிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய், 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தை எடுத்து வந்து, அதே பாடலைத் திறந்து காட்டினார். எனக்கு ஆச்சரியம். அங்கே முதல் வசனம் இரண்டாகப் பிரிந்திருந்தது. பாடுகிறவன் மலைகளைப் பார்க்கிறான். அதன்பின் தனக்கு உதவி எங்கிருந்து வரும் என்று கேட்கிறான். எபிரேய மூலத்திலுள்ள சொல்லும் ஒரு வினாச்சொல்லே என்றார் நண்பர். அப்படியானால், மலையிலிருந்து உதவி வருகிறது என்று அந்த யாத்திரிகன் சொல்லவே இல்லை. மலையைப் பார்த்தான்; கள்வரும் பள்ளமும் நிறைந்த வழி; அஞ்சினான்; கேட்டான். மலையிலிருந்தன்று, அதை உண்டாக்கியவரிடமிருந்து என்று அடுத்த வசனத்தில் தானே விடை கூறிக்கொள்கிறான்.

பழைய மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்லவில்லை. பவர் ஐயரும் அவரோடு உழைத்த தமிழறிஞரும் 1871இல் நமக்குத் தந்த வேதத்தின் தமிழ் ஓசைக்கு ஈடு இன்றும் இல்லை என்பதே என் கட்சி. அந்நாளைய ஆங்கில வேதத்திலும் அவ்வசனம் அவ்வாறே இருந்தது. ஆனால் ஒரு வினாக்குறி இல்லாமையால், ஐம்பது வருடமாக நான் அந்தப் பாட்டைத் தவறாகப் புரிந்து வைத்திருந்தேன். சுவரோரமிருந்த அந்த மனிதரோ, பாடலை அறியாமலே அதன் முதல் வரிக்குள் நின்றிருந்தார். மலையைப் பார்த்து அஞ்சுகிறவனின் பாட்டு அது. அவரிடம் நான் அதைப் பிடுங்கி, மலையைப் புகழ்கிற பாட்டாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அவரை மறுபடி தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். பாதிக்கப்பட்டவர்களுக்கென மக்கல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டபோது ஒருநாள் போனேன். அவர் அங்கில்லை, கொழும்பிலே கடையொன்றில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கடந்த 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டை உலுக்கியபோது, எங்கள் பதுளை மாவட்டம் பட்ட பாட்டை வாசகர்கள் அறிவார்கள். இடைவிடாத மழையில் பல இடங்களில் மண் சரிந்தது. தெருக்களும் புகையிரதப் பாதையும் அறுந்தன; நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் வீடு சரிவின் கீழே உள்ளது. வெளியேறுமாறு சொன்னார்கள், உடனே வெளியேறினோம். ஆண்டவர் காப்பார் என்று சொல்லி அசையாதிருந்த அயலார் ஒருவரை, ஆண்டவர்தாம் கிராம அலுவலரை அனுப்பியிருக்கிறார் என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். எழுபத்து மூன்று வயதில் மனிதனுக்கு இந்த அளவு அதிகாரம் உண்டு.

பாடசாலை மண்டபத்தில் மின்சாரம் இல்லை. கைத்தொலைபேசிகளும் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. என் பேர்த்திக்கு ஒன்பது வயது. மழையின் இரைச்சலுக்கிடையே தூரத்தில் ஏதோ முறிந்து விழும் ஓசை கேட்டபோது என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“தாத்தா, இங்கயும் மலை வருமா?”

வராது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. “தெரியாதம்மா” என்றேன். “பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல்லலாம். அதற்கும் ஒரு பாட்டு இருக்கிறது.”

மெழுகுதிரி வெளிச்சத்தில் அவளுடைய வேதாகமத்தை விரித்து, நூற்றிருபத்தொன்றை எடுத்துக் கொடுத்தேன். புதிய மொழிபெயர்ப்பு. அவள் விரல் வைத்து மெதுவாக வாசித்தாள். முதல் வரியின் வினாக்குறி வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பக்கத்துப் பாயில் ஒரு தாய் பிள்ளையை மடியில் போட்டபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “ம், மேலே படி” என்றேன். படித்தாள். நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டாள்.

“அங்க ஒரு சொல்லு விட்டுட்ட ராசாத்தி” என்றேன். “திரும்பப் படி.”